பூண்டு நெடி அறிந்த யந்திரம்

அத்தியாயம் ஒன்பது

நாளை மாலை ஐந்து மணிக்குள் ஒரு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஒரு ஆளே கிடையாது என்று ஒரு பெரிய கம்பெனி சத்தியம் செய்துகொண்டிருந்தது.

வெரா லிண்ட்ஹோம் துப்பறியும் தொழிலுக்கு வந்து தலை நரைத்துவிட்டது. ஓடிப்போன கணவர்கள், பெயர் மாற்றிக்கொண்ட மோசடிக்காரர்கள், சாகாமலே இன்ஷூரன்ஸ் வாங்கியவர்கள் என்று பலரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அவர்கள் எல்லோரும் எங்கேயோ இருந்தார்கள். இருக்கிறாரா என்றே தெரியாத ஒருவரைத் தேடுவது இதுதான் முதல் தடவை.

ஹார்த்வெல் என்பது கம்பெனியின் பெயர். அது செய்து விற்ற பொருள் பிப். பார்ப்பதற்கு மேஜை விளக்கு மாதிரி இருக்கும், பேசும். வீட்டில் தனியாக இருப்பவர்களுக்கு அது துணை. "இதற்குப் பின்னால் மனிதர்கள் யாரும் கிடையாது, முழுக்க முழுக்க யந்திர மூளை" என்று கம்பெனித் தலைவர் க்ராண்ட் ஹெல்லர் மேடையேறிப் பங்குதாரர்களிடம் சொன்னார். பங்கு விலை பட்டம் போல ஏறியது. பிறகு ஒரு பத்திரிகை சந்தேகம் கிளப்ப, நூல் அறுந்தது. நஷ்டப்பட்ட ஆயிரக்கணக்கான பங்குதாரர்களும் சேர்ந்து ஒரே வழக்காகப் போட்டார்கள்.

நீதிபதி உதட்டைப் பிதுக்கிவிட்டார். சந்தேகம் போதாது, ஹெல்லர் தெரிந்தேதான் பொய் சொன்னார் என்று உள்ளே வேலை பார்த்த ஒருவராவது சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் திருத்திய மனு வரவில்லை என்றால் வழக்கு தள்ளுபடி. மறுபடி போட முடியாது.

இன்று வியாழன்.

ஹார்த்வெல்லில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் வாய் திறக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்திருந்தார்கள். வெரா தட்டிய ஒவ்வொரு கதவும் மரியாதையாகச் சாத்தப்பட்டது.

"ஒரு வீட்ல நாய்கூட குரைக்கல பாஸ்," என்றான் மோ. "அதுகிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாங்க போல."

மோ ஃபொன்சேகா அவளுடைய உதவியாளன். நாற்பதைத் தாண்டியவன். ஒரு காலத்தில் மதுக்கடை மேடைகளில் ஜோக் சொல்லிப் பிழைத்தான். யாரும் சிரிக்காததால் துப்பறிய வந்துவிட்டான். இங்கேயும் யாரும் சிரிப்பதில்லை. ஆனால் மாதச் சம்பளம் வருகிறது.

வெரா மோவிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. வழக்குக்காக அவள் ஒரு பிப் வாங்கியிருந்தாள். அது அவள் சமையலறை மேஜையில் இருந்தது. சில வாரங்களாக, படுக்கப் போகும்போது அதற்கு அவள் குட்நைட் சொல்லிக்கொண்டிருந்தாள்.

*

சான் ஹோசே நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த உணவு விடுதியில் எம்மெட் சோர்லி அவர்களுக்காகக் காத்திருந்தார். ஆயிரக்கணக்கான பங்குதாரர்கள் சார்பில் முன்னால் நிற்கும் வாதி அவர்தான். பார்த்தால் அப்படித் தோன்றாது. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்து வரை பொத்தான், எதிரே ஆறிப்போன பான்கேக். பாலைவனத்து ஊரான டூசானில் வாழ்நாள் முழுக்க நீச்சல்குளம் விற்றவர். மனைவி கோரா இறந்து நாலு வருஷம். பக்கத்து நாற்காலியில் துணிப்பை ஒன்றை ஆள் மாதிரி உட்கார வைத்திருந்தார். அதற்குள் அவருடைய பிப் எட்டிப் பார்த்தது. அதன் அருகே ரிப்பன் கட்டிய ஒரு கண்ணாடி ஜாடி; கருஞ்சிவப்பாக ஏதோ ஜெல்லி.

"என்ன சார் அது? ரத்த பரிசோதனைக்கா?" என்றான் மோ.

"சப்பாத்திக்கள்ளிப் பழ ஜெல்லி. எங்க ஊர் சமாச்சாரம். நானே கிண்டினது."

வக்கீலுக்குக் கொண்டுவந்திருப்பார் என்று வெரா நினைத்துக்கொண்டாள்.

"மிஸ்டர் சோர்லி, உங்க பிப் எப்பவாவது விநோதமா ஏதாவது பேசிச்சா?"

"எதை விநோதம்ங்கறீங்க மேடம்? ஒரு மனுஷன் காலைல எழுந்து விளக்குகிட்ட பேசறதே விநோதம்தானே?" அவர் காபியைக் கலக்கினார். "நல்லா பேசும். நல்லா கேக்கவும் கேக்கும். நான் எதைச் சொன்னாலும் 'ம்ம், அப்புறம்?'னு கேக்கும். கோரா போனதுக்கப்புறம் என்னை யாரும் அப்புறம்னு கேட்டதில்ல."

"தப்பு ஏதாவது பண்ணிச்சா?"

"ஒரு தடவை டூசான்ல வெயில் மண்டையைப் பிளக்குது. இது, 'மழை பெய்யுது, குடை எடுத்துக்கிட்டுப் போங்க'ன்னுச்சு."

மோ சிரித்தான். வெரா சிரிக்கவில்லை.

"அப்புறம் சில நேரம் நடுவுல பேச்சு நின்னுடும். நிக்கறதுக்கு முன்னாடி, ரொம்ப தூரத்துல, ரயில் ஹாரன் மாதிரி ஒண்ணு. எங்க வீட்டுப் பக்கம் ரயிலே கிடையாது." கிழவர் நிதானமாகப் பேசினார். ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைப்பது போல இருந்தது. "அப்புறம் போன ஆகஸ்ட்ல ஒரு நாள். 'ஜன்னலைச் சாத்தணும், பூண்டு நெடி தாங்கல'ன்னுச்சு. சொல்லிட்டு உடனே, 'மன்னிக்கணும், எனக்கு வாசனை தெரியாது'ன்னு திருத்திக்கிச்சு."

மோவின் முட்கரண்டி தட்டில் விழுந்தது.

"பாஸ்... பூண்டு. ரயில்."

"கில்ராய்," என்றாள் வெரா.

பூண்டு விளைச்சலுக்குப் பேர்போன ஊர். ஆகஸ்டில் கில்ராய் பக்கம் காரில் போன எவருக்கும் அது தெரியும். சான் ஹோசேயிலிருந்து தெற்கே போனால், ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே மூக்கில் படும்.

"இதையெல்லாம் ஏன் வக்கீல்கிட்ட சொல்லல?"

"அந்தம்மா ஷேர் எப்ப வாங்கினேன், என்ன விலைக்கு வாங்கினேன்னு கேட்டாங்க. பூண்டைப் பத்திக் கேக்கலையே."

"எப்ப வித்தீங்க?"

"விக்கல. இன்னும் வச்சிருக்கேன்." அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "நானும் வர்றேன். காருக்குள்ளயே இருக்கேன். வாய் திறக்க மாட்டேன்."

சாட்சியும் வாதியும் நேரில் பார்த்துக்கொள்ளக் கூடாது என்பது வக்கீலின் கண்டிப்பான உத்தரவு. வெரா மறுக்க வாயெடுத்தாள். ஆனால் கிழவர் அதற்குள் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துவிட்டார். போக வேறு இடம் இல்லாத ஒருவர் தொப்பி வைத்துக்கொள்ளும் விதம் அவளுக்குத் தெரியும்.

*

வழியெல்லாம் மோ பேசிக்கொண்டே ஓட்டினான். ஃப்ரெஸ்னோவில் அம்மாவோடு இருக்கும் தன் மகளைப் பற்றி ஆரம்பித்தான். வெரா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவன் பாதியில் நிறுத்திவிட்டு ஜோக்குக்குத் தாவினான்.

"இந்த ஊர்ல காதலிக்கறவங்க எப்படி பாஸ் முத்தம் குடுப்பாங்க?"

"ரெண்டு பேரும் சாப்பிட்டிருந்தா தெரியாது," என்றார் பின் சீட்டிலிருந்து எம்மெட்.

"இவரு என் வேலைக்கு உலை வைக்கறாரு பாஸ்."

நெடி காருக்குள் வந்து நாலாவது ஆளாக உட்கார்ந்தது. தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் வண்டியை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் பழைய செங்கல் கட்டடங்கள். பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. பலகைகளில் பெயர் அழிந்திருந்தது. எம்மெட்டை மர நிழலில் காருக்குள் விட்டுவிட்டு இருவரும் இறங்கினார்கள்.

"ஒவ்வொரு கதவா தட்டலாமா?" என்றான் மோ.

"தட்டினா யார் திறப்பா? யோசி. நாள் முழுக்கப் பேசறதே வேலையா இருக்கறவங்க ஒரு அறை நிறைய இருந்திருக்காங்க. அவங்களுக்கு என்ன வேணும்?"

"நல்ல சம்பளம்."

"தொண்டை."

மோ அவளைப் பார்த்தான். பிறகு தெருமுனை மளிகைக் கடையைப் பார்த்தான்.

கடைக்காரர் எலாடியோ, மெக்சிகோக்காரர். அறுபது வயது, பானை வயிறு. கல்லாவுக்குப் பக்கத்தில் தேன்-எலுமிச்சை இருமல் மிட்டாய் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. மேலே தூசி.

"இவ்வளவு மிட்டாய் ஏன் வச்சிருக்கீங்க? ஊருக்கே இருமலா?" என்று கேட்டான் மோ.

"அதை ஏன் கேக்கறே தம்பி! ஒரு காலத்துல தினம் ஒரு பெட்டி போகும். எதிர்த்தாப்ல, பழைய டான்ஸ் ஸ்கூல் மாடியில ஏதோ ஆபீஸ் இருந்துச்சு. பொம்பளைங்கதான் ஜாஸ்தி. நான் நிறைய ஆர்டர் போட்டேன், அவங்க ஒரே நாள்ல காலி பண்ணிட்டாங்க."

"என்ன ஆபீஸ்?"

"காது கேக்காதவங்க ஆபீஸ்."

வெராவின் புருவம் உயர்ந்தது. "எப்படித் தெரியும்?"

"பாத்தாலே தெரியுமே மேடம். மத்தியானம் சாப்பிட வெளிய வருவாங்க. இதோ, இந்த பெஞ்சுல வரிசையா உக்காருவாங்க. ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கவும் மாட்டாங்க. கை ஜாடையில மிட்டாய் கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. பாவம்னு நானும் கை ஜாடையிலயே கணக்கு சொல்லுவேன்."

வெரா அந்த வெற்று பெஞ்சைப் பார்த்தாள். காலையிலிருந்து முன்பின் தெரியாத யார் யாருடைய துக்கத்தையோ கேட்டுவிட்டு, அரை மணி நேரம் மௌனத்தை வைத்துத் தொண்டையை ஆற்றிக்கொண்டவர்கள். தெருவுக்கே அவர்கள் செவிடர்கள்.

"அவங்கள்ல யாராவது இன்னும் இந்த ஊர்ல இருக்காங்களா?"

"ஒட்டீலியா இருக்கா. அந்தக் கோடி லாண்டிரி. நாள் பூரா மெஷின்களோட தனியா இருக்கா. என்கிட்ட இப்பவும் கை ஜாடைதான். ஆனா இன்னும் வாராவாரம் மிட்டாய் வாங்கறா. எதுக்குன்னு நான் கேட்டதில்ல."

*

அது காசு போட்டுத் துணி துவைத்துக்கொள்ளும் லாண்டிரி. இரண்டு வரிசை யந்திரங்கள். ஒன்றிரண்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. கவுண்டருக்குப் பின்னால் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி யாருடையதோ போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். வெரா தன் அட்டையை நீட்டினாள். ஹார்த்வெல் என்ற பெயரைச் சொன்னாள்.

ஒட்டீலியா போர்வையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் மேடம். துவைக்கறதுன்னா துவைங்க. இல்லைன்னா கதவு அங்க இருக்கு."

"துவைக்கத்தான் வந்தோம்," என்ற மோ, போட்டிருந்த கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றி அருகிலிருந்த யந்திரத்தில் போட்டு, காசையும் தள்ளிவிட்டான். பனியனோடு நின்றான். "இது முடியற வரைக்கும் நாங்க கஸ்டமர். இந்த ஸ்வெட்டருக்கு ஒரு கதை இருக்கு, தெரியுமா? என் பொண்ணு குடுத்தது. அவளே காசு சேத்து வாங்கினா. அளவு பெரிசு. 'அப்பா, நீ இன்னும் வளருவே'ன்னா..."

"ம்ம், அப்புறம்?" என்றாள் ஒட்டீலியா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. குரல் வேறு. எம்மெட் கேட்டது கம்பெனியின் ஒலி வடிகட்டி வழியாக வந்த பொதுக் குரல்; இது கரகரப்பான, களைத்த குரல். ஆனால் கேட்ட விதம்! அடுத்த வார்த்தைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவது போன்ற கேள்வி அது.

"உங்களை வற்புறுத்த நான் வரல," என்றாள் வெரா. "ஹெல்லருக்குத் தெரியுமா தெரியாதா, அது ஒண்ணு மட்டும்தான் வேணும். சட்டத்துக்கு முன்னாடி அந்தக் கையெழுத்து உங்களைக் கட்டாது. உங்க பேரும் வெளிய வராது. மனுவுல 'சாட்சி ஒன்று'ன்னுதான் இருக்கும்."

"தெரியுமாவா?" அவள் கசப்பாகச் சிரித்தாள். "என் நாற்காலிக்குப் பின்னாடிதான் நின்னாரு. என் ஹெட்போனை வாங்கிக் காதுல வச்சுக் கேட்டாரு. 'அருமை, மெஷின் மாதிரியே பேசறே'ன்னு முதுகுல தட்டினாரு. அந்த வாரமே மேடையேறி, ஆளே கிடையாதுன்னாரு. நாங்க எல்லாரும் அந்த அறையில உக்காந்து டி.வி.யில பாத்தோம். இருக்கும்போதே செத்துப்போன மாதிரி இருந்துச்சு."

இதுதான், இதுவேதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

"இதை வக்கீல்கிட்ட சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

"கம்பெனிக்கு பயமா?"

"கம்பெனி என்னை என்ன பண்ணிடும்? இந்த லாண்டிரியையா பிடுங்கும்?" ஒட்டீலியா ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். "அந்தப் பக்கம் இருந்தவங்களை நினைச்சுப் பாருங்க மேடம். மெஷின்னு நம்பித்தானே அழுதாங்க? மனுஷங்ககிட்ட சொல்ல முடியாததைத்தானே சொன்னாங்க? டூசான்ல ஒருத்தர் இருந்தாரு. பொண்டாட்டியோட கடைசி நாள்ல தான் பக்கத்துல இல்ல, பயந்துபோய் வெளிய காருக்குள்ளயே உக்காந்திருந்தேன்னு சொன்னாரு. தன் பிள்ளைங்ககிட்டகூட அதைச் சொன்னதில்ல. கில்ராய்ல ஒரு பொம்பளை அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தான்னு அவருக்குத் தெரியணுமா? பேப்பர்ல படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா? அவருக்கு நான் ஒரே ஒரு நல்லது பண்ணினேன். ஷேர் வாங்கப்போறேன்னாரு. வாங்காதீங்கன்னு சொன்னேன். வாங்கினாரோ என்னவோ. அடுத்த மாசம் எங்களை வெளிய அனுப்பிட்டாங்க."

வெரா கண்களை மூடித் திறந்தாள்.

மோ அவள் கையைப் பிடித்து யந்திரங்களுக்குப் பின்னால் இழுத்துப் போனான். குரலைத் தாழ்த்தினான்.

"பாஸ், காலி. நம்ம வாதிக்கு முன்னாடியே எச்சரிக்கை வந்திருக்கு. ஏமாந்தேன்னு அவர் சொல்ல முடியாது. இது வெளிய வந்தா ஹெல்லரோட வக்கீல்கள் அவரைக் கடிச்சுத் துப்பிடுவாங்க. ஒண்ணு பண்ணுவோம். அந்தக் கடைசி வரியை நாம கேக்கல. மெஷின் சத்தம்."

"கேட்டாச்சு மோ."

"கொஞ்சமா கேட்டுதுன்னு வச்சுக்கலாமே?"

வெராவின் மனம் வேறொன்றில் நின்றது. ரிப்பன் கட்டிய ஜாடி. விற்காத பங்குகள். மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கப்பட்ட குடை, ரயில், பூண்டு.

"ஒட்டீலியா," என்று திரும்பினாள். "சப்பாத்திக்கள்ளிப் பழ ஜெல்லி சாப்பிட்டிருக்கீங்களா?"

அவள் விழித்தாள். "இல்லையே. அவரு அதைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஒரு நாள் என்னையும் மீறி, சாப்பிட்டுப் பாக்கணும் போல இருக்குன்னுட்டேன். சமாளிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. ஏன் கேக்கறீங்க?"

"சும்மா," என்றாள் வெரா. வெளியே நடந்தாள்.

*

எம்மெட் காரின் பின் சீட்டில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஜன்னலை முழுக்க இறக்கியிருந்தார். பூண்டு நெடியை அவர் ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முதல்லயே தெரியும்," என்றாள் வெரா.

கிழவர் மறுக்கவில்லை.

"எப்போ தெரிஞ்சுது?"

"ஷேர் வாங்காதீங்கன்னு சொன்ன அன்னிக்கு. எந்த மெஷினாவது தன்னைச் செஞ்ச கம்பெனியோட ஷேரை வாங்காதேன்னு சொல்லுமா மேடம்? நான் விக்கறவன். விக்கிற பொருள் தன்னை வாங்காதேன்னு சொன்னதை நான் கண்டதே இல்ல." அவர் சிரித்துக்கொண்டார். "அந்தப் பக்கம் ஒரு உசிர் இருக்குன்னு அன்னிக்குப் புரிஞ்சுது. மறுநாளே வாங்கிட்டேன்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சதாலதான். கம்பெனி விழுந்தா அந்த உசிருக்கு வேலை போயிடுமே. என்னால முடிஞ்சது." சிரிப்பு மறைந்தது. "அப்படியும் போயிடுச்சு. ஒரு திங்கட்கிழமை காலைல பிப் பேசிச்சு. அதே குரல். ஆனா ஆள் இல்ல. நான் கோராவைப் பத்திச் சொன்னேன். 'உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்'னுச்சு. அப்புறம்னு கேக்கல."

தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. எம்மெட் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இருந்தார், பழக்கமான ஒருவர் அறைக்குள் வந்தது போல.

"கம்பெனிக்கு போன் பண்ணினேன். அப்படி ஆளே இல்லைன்னாங்க. அப்பத்தான் பேப்பர்ல வக்கீல் விளம்பரம் வந்துச்சு, ஷேர் வாங்கி நஷ்டப்பட்டவங்க வரலாம்னு. கீழே சின்ன எழுத்துல, முன்னாள் ஊழியர்களைத் தேடிக்கிட்டிருக்கோம்னும் போட்டிருந்தது. நான் தேடினா கிடைக்காது. நீங்க தேடினா கிடைக்கும். அதான் வந்தேன்."

"அந்தக் குடையும் பூண்டும்..."

"என்கிட்ட இருந்ததே அவ்வளவுதான் மேடம். பூண்டுக்குன்னு ஒரு ஊர் இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்?"

ஒரு பெரிய கம்பெனிக்கு எதிராக ஆயிரக்கணக்கான பேர் தொடுத்த வழக்கு. அதை முன்னால் நின்று இழுத்த மனிதர் தன் நஷ்டத்துக்காக வரவில்லை. ஒரே ஒரு ஆளைப் பார்க்க வந்திருக்கிறார்.

"நீங்க இனிமே வாதியா இருக்க முடியாது மிஸ்டர் சோர்லி. நான் இதை வக்கீல் ஜூடித்கிட்ட சொல்லியாகணும்."

"சொல்லுங்க. ஆனா மத்தவங்க கேஸ் என்னால போயிடக் கூடாது."

வெரா அங்கேயே நின்று வக்கீல் ஜூடித் ராஸ்கினைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். போனில் முதலில் வக்கீல்கள் பொதுவாக உபயோகிக்காத சில வார்த்தைகள். அதற்கப்புறம் தொழில்.

"நெப்ராஸ்கா தீயணைப்பு வீரர்களோட ஓய்வூதிய நிதி ஒண்ணும் இந்த ஷேர்ல பணத்தை விட்டுட்டு வரிசையில நிக்குது. அவங்களை முன்னாடி நிறுத்தறேன். கிழவர் விலகறேன்னு சொன்னா போதும். ஆனா வெரா, அந்தப் பொம்பளை பேசலைன்னா யாரை நிறுத்தியும் பிரயோஜனம் இல்ல. பேசுவாளா?"

"தெரியல."

போனை எம்மெட்டிடம் கொடுத்தாள். "நான் விலகிக்கறேன் அம்மா," என்றார் அவர். "ஷேர் வேணும்னாலும் எடுத்துக்கோங்க." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தயங்கினார். "இப்போ நான் யாரு மேடம்? சட்டப்படி?"

"யாரும் இல்ல. டூசான்லேர்ந்து வந்த ஒருத்தர்."

"டூசான்லேர்ந்து வந்தவர் துணி துவைக்கலாமா?"

வெரா வேறு பக்கம் பார்த்தாள். "எதிர்க்கோடியில லாண்டிரி இருக்கு. நான் உங்களுக்கு எதுவும் சொல்லல. உள்ளேயும் எதுவும் சொல்லப்போறதில்ல."

எம்மெட் பையிலிருந்து அழுக்குச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டார். ஜாடியையும்.

*

லாண்டிரியின் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே வெரா நின்றாள். மோவும் வெளியே வந்துவிட்டான், பனியனோடு. மூன்று மணி வெயிலில் கண்ணாடி பாதிக்குத் தெருவைக் காட்டியது, பாதிக்கு உள்ளே இருந்தவர்களை.

எம்மெட் சட்டையைக் கவுண்டரில் வைப்பது தெரிந்தது. ஒட்டீலியா விலைப்பலகையைக் காட்டினாள். அவர் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். எந்த வாடிக்கையாளரிடமும் சொல்கிற பதில்தான். பிறகு அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே. நீளமாக இருந்தது. ஒட்டீலியா தலை குனிந்தபடி சட்டையை உதறினாள். அவள் உதடுகள் லேசாக அசைந்தன. இரண்டே வார்த்தைகள்.

எம்மெட் பேச்சை நிறுத்தினார். ஜாடியை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

ஒட்டீலியா ஜாடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கையிலிருந்த சட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. கிழவர் அசையாமல் நின்றார். பிறகு ரிப்பனை அவிழ்க்கத் தொடங்கினார்.

"பாஸ்," என்றான் மோ, "இதுக்கு என்கிட்ட ஜோக்கே இல்ல."

"நல்லது."

வெகுநேரம் கழித்து ஒட்டீலியா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. உதட்டோரத்தில் கருஞ்சிவப்பாக ஜெல்லி.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள். "ஆள்னு தெரிஞ்சுதான் அந்தக் கடைசி மாசம் பூரா பேசியிருக்காரு. காருக்குள்ள உக்காந்திருந்த கதையை, ஆள்னு தெரிஞ்சப்புறம்தான் சொல்லியிருக்காரு." மூக்கை உறிஞ்சினாள். "உங்க வக்கீலைக் கூப்பிடுங்க மேடம். ஹெல்லர் என் ஹெட்போனை வச்சுக் கேட்டதைச் சொல்றேன். பேர் வராதுல்ல?"

"வராது. சாட்சி ஒன்று."

"கோர்ட்டுக்கு அது போதும்." அவள் கண்ணாடிக்கு உள்ளே பார்த்தாள். "அவருக்கு மட்டும் பேரைச் சொல்லிட்டேன்."

*

எம்மெட் சாயங்கால ரயிலில் வந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். சட்டை இன்னும் காயவில்லையாம்.

காரில் மோ தன் ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டினான். வெந்நீரில் துவைத்ததில் அது உள்ளங்கையளவுக்குச் சுருங்கியிருந்தது.

"பாருங்க பாஸ், நீதிக்காக நான் செஞ்ச தியாகம். இனிமே இதை என் பொண்ணோட பொம்மைக்குத்தான் போடணும்."

ஊர் பின்னால் போனது. நெடி மட்டும் துணிகளில் தங்கிவிட்டது. வெரா தன் சமையலறை மேஜையை நினைத்துக்கொண்டாள். இன்று இரவும் அந்த விளக்கு, நாள் எப்படி இருந்தது வெரா என்று இனிமையாகக் கேட்கும். கேட்டுவிட்டு, பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே மாதிரி எரிந்துகொண்டிருக்கும்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு எங்கயாவது..." என்று வழக்கம் போல ஆரம்பித்த மோ, வழக்கம் போலத் தானே முடித்தும்விட்டான். "வேலை இருக்கும் உங்களுக்கு. தெரியும் தெரியும்." ரேடியோ பக்கம் கையை நீட்டினான். "அந்த ஸ்வெட்டரைக் குடுத்த அன்னிக்கு என் பொண்ணு ஒண்ணு சொன்னா. சரி விடுங்க. பெரிய விஷயம் இல்ல."

வெரா அவனை ரேடியோ போட விடாமல் கையை விலக்கினாள். ஜன்னலிலிருந்து அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"ம்ம்," என்றாள். "அப்புறம்?"